நாலாவது சீசா

அத்தியாயம் பதினொன்று

பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு பார வண்டி அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது.

அக்னஸ் ஜன்னல் படுதாவை ஒதுக்கி ஆற்றைப் பார்த்தாள். ஐப்பசி மழை. பின்னால் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் கரைந்துபோயிருந்தது. முன்னால் மலைக்கோட்டையும் தெரியவில்லை. நடுவில் செந்நிறத் தண்ணீர் மட்டும், யாரையோ வழியனுப்பத் தாமதமாகிவிட்டது போல ஓடிக்கொண்டிருந்தது.

கப்பல் என்றால் அவளுக்கு இந்தப் பாலம்தான். நிஜக் கப்பலை அவள் பார்த்ததில்லை. ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த நாளிலிருந்து, பஸ் இந்தப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் எங்கோ ஒரு துறைமுகத்தில், பனிமூட்டத்தில், ஒரு மனிதர் கையசைத்துக்கொண்டே சிறிதாகிப் போவதாக நினைத்துக்கொள்வாள். அந்த மனிதருக்குத் தன் கணவரின் முகத்தைக் கொடுப்பது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகிக்கொண்டே வந்தது.

பிலோமின்ராஜ் டர்பனில் பிறந்தவர். அவருடைய தாத்தா கரும்புத் தோட்டத்துக்குப் போன கூட்டத்தில் ஒருவர். பெண் கட்டுவதற்காகத் திருச்சிக்கு வந்து, அக்னஸைக் கட்டி, நாலு மாதம் கூட இருந்துவிட்டுத் திரும்பக் கப்பலேறினார். "பேப்பர் அனுப்பறேன், பின்னால வந்துடு" என்றார். யுத்தம் வந்தது, கப்பல் நின்றது. யுத்தம் முடிந்தது, பேப்பர் வரவில்லை. மகள் ரெஜினா பிறந்து, நடந்து, தாவணி போட்ட பிறகுதான் அப்பாவை நேரில் பார்த்தாள்.

டர்பனில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அவர் ஒயின் பரிமாறுகிறவராக இருந்தார். வெள்ளைக்காரர்களின் மேஜையில் ஊற்றுவதற்கு அவர் கை வேண்டும், அந்த மேஜையில் உட்காருவதற்குத்தான் சட்டம் இடம் தராது. பாட்டில் அடியில் மிஞ்சியதைப் பின்கட்டில் மோந்து பார்த்து, நாக்கில் வைத்துத் துப்பி, அது எந்த மலைச்சரிவுத் திராட்சை என்று சொல்லக் கற்றிருந்தார். அந்த வித்தைக்கு மதுவிலக்கு ஊரில் என்ன மதிப்பு? திருச்சிக்கே திரும்பி வந்து இரண்டு வருஷமாக ஜங்ஷன் பக்கம் ஒரு பிஸ்கட் ஏஜென்சியில் குடோன் சாவியைச் சுமந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் காஜா மைதீனிடமிருந்து ஆள் வந்தது. பாலக்கரைக்காரர், கொழும்பில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் இருக்கிறார். கம்பெனிக்கு ஒயின் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் தேவை. இன்று மதியம் சரக்கோடு வருகிறார்.

அதற்காகத்தான் அக்னஸ் அரை நாள் லீவு. தலைமை ஆசிரியையிடம் தலைவலி என்று சொன்னாள். உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும்.

ஆனால் அவள் மனசை அழுத்திக்கொண்டிருந்தது போலீஸ் இல்லை. ஆனி மாதம் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் அடித்தபோது பிலோமின்ராஜும் படுத்தார். காய்ச்சல் போயிற்று. போகும்போது அவருடைய மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் பால் அடிப்பிடித்து வீடு முழுவதும் தீய்ந்த நாற்றம். ரெஜினா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவரோ அந்தப் பாலில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு "பிரமாதம்" என்றார். இன்னொரு நாள் அக்னஸ் கதவிடுக்கு வழியே பார்த்தாள். தைல டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தார். மூடினார். மறுபடி திறந்தார். பிறகு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

தனக்குத் தெரியும் என்று அவளும் சொல்லவில்லை.

வண்டியை ஓரம் தள்ளினார்கள். பஸ் நகர்ந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, மேலப்புதூர் சந்துக்குள் நுழையும்போது அவள் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"வந்துட்டியா?" பிலோமின்ராஜ் டர்பன் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். தோள் கொஞ்சம் தொங்கிவிட்டது, மற்றபடி அது இன்னும் நல்ல கோட்டு. "கண்ணாடி டம்ளரைத் துடைச்சு வெச்சிருக்கேன். பித்தளை கூடாது. துப்பறதுக்குப் படிக்கம் வேணும். அப்புறம், மல்லிப்பூவைக் கழட்டிடு."

"தலையில பூவே இல்லீங்களே."

"சும்மா சொன்னேன்." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. தேர்வு நாளில் படிக்காமல் வருகிற பிள்ளைகள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

காஜா மைதீன் குடையை மடக்கியபடி உள்ளே வந்தார். பருத்த உடம்பு. கையில் தோல் பை.

"டீச்சரம்மா, முதல்ல கதவைச் சாத்துங்க." பையிலிருந்து நாலு மருந்து சீசாக்களை எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் இருமல் மருந்துச் சீட்டு ஒட்டியிருந்தது. "தனுஷ்கோடியில கஸ்டம்ஸ்காரன் 'இவ்வளவு மருந்தா'ன்னு கேட்டான். அங்கேர்ந்து திருச்சி வரைக்கும் இருமிக்கிட்டே வந்தேன். இப்ப நெஜமாவே இருமல் வந்துடுச்சு."

ரெஜினா களுக்கென்று சிரித்தாள்.

"சிரிக்காதே புள்ளே. உள்ள இருக்கறது சாராயச் சட்டத்துக்கு ஒரு குத்தம். தென்னாப்பிரிக்காச் சரக்கை நம்ம சர்க்கார் தடை பண்ணியிருக்கு, அது ரெண்டாவது குத்தம். அஞ்சு வேளை தொழுகிறவன் இதைத் தூக்கிட்டு வந்தேனே, அது மூணாவது. அதுக்கு வேற கோர்ட்டு." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரி ஹாஜிராவுக்குத் தெரிஞ்சா என்னைத் திண்ணைக்குக்கூடச் சேக்கமாட்டா."

"உட்காருங்க பாய்," என்றார் பிலோமின்ராஜ். "எல்லாம் வெள்ளை ஒயின்தானே?"

"வெள்ளைதான். கேப் டவுன் பக்கத்துத் தோட்டம். விலை சல்லிசு அண்ணே. பிரெஞ்சுச் சரக்கு பெரிய துரைமாருக்கு. இதைத் தேயிலைத் தோட்டத்துச் சின்ன துரை, பேங்க் கிளார்க்கு, ரயில்வேக்காரன் வாங்கணும்னு கம்பெனி நெனைக்குது. சல்லிசா இருந்தா மட்டும் போதுமா? என்ன ருசி, எதோட சாப்பிடலாம்னு நாலு வார்த்தை சொன்னாத்தானே வாங்குவான்? அப்படிச் சொல்லிக்கிட்டிருந்த துரை ஊருக்குப் போயிட்டார். மிச்சம் நான்தான். எனக்கு நாக்குல பட்டாலே ஹராம்." சீசாக்களை அக்னஸ் பக்கம் நகர்த்தினார். "சமையல்கட்டுல வெச்சு ஒவ்வொண்ணா ஊத்திக் கொண்டாங்கம்மா. மூடியில நம்பர் போட்டிருக்கேன். வரிசை மாத்தாதீங்க."

சமையல்கட்டில் அக்னஸ் நாலு டம்ளர்களிலும் ஊற்றினாள். வைக்கோல் நிறம். ஒன்று மட்டும் கொஞ்சம் பொன்னிறம்.

மாதா கோயிலில் பூசையின்போது சாமியார் கிண்ணத்தில் ஊற்றி அருந்துவதைத் தவிர அவள் ஒயினைக் கண்ணால் பார்த்ததில்லை. தன் புருஷனைப் பதினேழு வருஷம் கடலுக்கு அந்தப்பக்கம் பிடித்து வைத்திருந்தது இதுதானா? அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு முதல் டம்ளரை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினாள்.

கொய்யாப்பழம். அரிவாள்மனையில் வைத்துப் பிளந்ததும் எழுமே, அந்த வாசனை. பின்னாலேயே துளித் தேன்.

இரண்டாவது வேறு. நாரத்தை இலையைக் கசக்கியது போல மூக்கைச் சுண்டியது. நாக்கின் ஓரங்களில் புளிப்பு. விழுங்கிய பிறகு, கோடை மழையின் முதல் தூறல் படித்துறைக் கல்லில் விழுந்ததும் கிளம்புகிற ஈரவாசனை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதற்குள் ஒரு ஆறு இருக்கிறது என்று தோன்றியது.

மூன்றாவது பொன்னிறம். பன்னீர் ரோஜாவைச் சர்க்கரையில் போட்டு ஊறவைத்தது மாதிரி உதட்டில் ஒட்டியது. அக்னஸுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு நாலாவதை எடுத்தாள்.

நாரத்தை இலை. புளிப்பு. படித்துறைக் கல்.

மறுபடி இரண்டாவதைக் குடித்தாள். மறுபடி நாலாவது. சந்தேகமில்லை. இரண்டும் ஒன்று.

ஊற்றியவன் தெரியாமல் செய்த தவறா? இல்லை. இது அவளே வகுப்பில் செய்கிற வேலை. ஒரே கணக்கைக் கேள்வித்தாளில் இரண்டு இடத்தில் கொடுப்பாள். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுகிறவள் முதல் கணக்குக்கு ஒரு விடையும் கடைசிக் கணக்குக்கு வேறு விடையும் எழுதி மாட்டிக்கொள்வாள். ருசி பார்க்கக் கூடாத மனிதர் ருசி தெரிந்தவனைக் கண்டுபிடிக்க வேறு என்ன வழி?

அவருக்கு எப்படிச் சொல்வது? ரகசியமாகச் சொன்னால், உங்கள் மூக்கு போனது எனக்குத் தெரியும் என்று சொல்வதாகும். யோசித்து ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டாள். நாலாவது டம்ளரை வைக்கும்போது, "ஐயையோ, கைமாறி ரெண்டாவதையே திரும்ப ஊத்திட்டேன் போலிருக்கே" என்று சொல்லிவிட வேண்டும். அவர் புரிந்துகொள்வார். காஜா மைதீன் சந்தேகப்பட்டாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

முதல் டம்ளரோடு அவள் கூடத்துக்கு வந்தபோது சாம்பிராணி மணம் குப்பென்று அடித்தது.

"ரெஜினா! என்னடி பண்றே?"

"கொல்லைப்பக்கம் சாம்பிராணி போடறேம்மா. பக்கத்து வீட்டுச் சந்திரம்மா அக்காவுக்கு வாடை போச்சுன்னா? அவங்க தம்பி போலீஸ்காரர் வேற வந்திருக்கார்."

அக்னஸ் கணவரைப் பார்த்தாள். ஒயின் பார்க்கிற அறையில் சாம்பிராணி! ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் கத்தித் தீர்த்திருப்பார். இன்று கோட்டுக் கையைச் சரிசெய்துகொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

காஜா மைதீனும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லையா அண்ணே? இந்த வாசனை இடைஞ்சலா இருக்காதா?"

பிலோமின்ராஜின் கண்ணில் ஒரு கணம் எதுவோ தடுமாறியது. "எது... ஆமாமா. நான் பழக்கப்பட்டவன். கலந்து வந்தாலும் பிரிச்சுத் தெரியும்."

"போய் அணைடி முதல்ல!" என்று அக்னஸ் மகள் மேல் பாய்ந்தாள். "தண்ணியைக் கொட்டு!"

முதல் டம்ளரை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடினார். வாயில் ஊற்றி, சத்தமில்லாமல் உருட்டி, படிக்கத்தில் துப்பினார்.

"குடிச்சுட்டுத் துப்பறதுக்கா இவ்வளவு பாடு!" என்றார் காஜா மைதீன்.

"ஸ்டீன்," என்றார் பிலோமின்ராஜ். "கேப்புல ஏழை வீட்டு ஒயின் இதுதான். பழவாசனை தூக்கும். வறுத்த மீனுக்கு நல்லாப் போகும். பாட்டிலைத் தண்ணிப் பானையில போட்டு வெச்சுக் குடிக்கணும்."

நாக்கு அவருக்கு இன்னும் இனிப்பையும் புளிப்பையும் சொல்லியது. மற்றதை ஞாபகம் சொல்லியது. இரண்டாவதை வாயில் வைத்ததும், "இது ரீஸ்லிங். மெலிசு. எலுமிச்சை ஜாதிப் புளிப்பு. உச்சி வெயில்ல வேலை பார்த்துட்டு வந்தவனுக்கு" என்றார். அக்னஸுக்கு மூச்சு வந்தது. சரியாகத்தான் சொல்கிறார். மூன்றாவதைத் தொட்டதுமே சிரித்தார். "ஹானிபூட். சர்க்கரைத் திராட்சை. பொம்பளைங்களுக்கும் மாமியார்களுக்கும். சாப்பாட்டுக்கப்புறம் சின்னக் கிளாஸ்ல கொடுங்க, இன்னொண்ணு கேப்பாங்க."

"அடேயப்பா! கேக்கவே ருசியா இருக்கே, தௌபா தௌபா," என்று காஜா மைதீன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "அண்ணே, அப்ப வேலை விஷயம் பேசிடுவோம். முதல்ல மூணு வருஷம். கொழும்புல தங்க ரூம் கம்பெனி கொடுக்கும். பர்மிட்டு உங்களுக்கு மட்டும்தான். சிலோன் சர்க்கார் இப்ப கெடுபிடி. குடும்பம் பின்னால வரலாம்."

நாலாவது டம்ளரை எடுக்கத் திரும்பிய அக்னஸ் நின்றாள்.

"மூணு வருஷம்தானே?" என்றார் பிலோமின்ராஜ். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மூணு வருஷம் கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். போன உடனே நான் பேப்பர் அனுப்பறேன். அவ பின்னால வந்துடுவா."

"நானும்ப்பா!" என்றாள் ரெஜினா.

"நீ இல்லாமயா?"

அக்னஸ் சமையல்கட்டுக்குப் போனாள். நாலாவது டம்ளர் காத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அவர் குரலில் இருந்த சந்தோஷம்தான் அவளைக் குத்தியது. அன்றைக்கும் இதே சந்தோஷம், இதே வார்த்தைகள்.

டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

பிலோமின்ராஜ் சுழற்றினார், மோந்தார், உருட்டினார். மூன்றாவதின் சர்க்கரை இன்னும் நாக்கில் இருந்ததோ என்னவோ, முகத்தைச் சுளித்தார். "அடடே, இது சுத்தமா வேற. ரொம்பப் புளிப்பு. பச்சையிலேயே பறிச்சுட்டாங்க. இது கடலோரத் தோட்டம். உப்புக்காத்து வாசனை அப்படியே இருக்கு. இதை மட்டும் வாங்காதீங்க பாய். ரெண்டாவது மாதிரி இல்லை இது. அது ராஜா, இது பிச்சைக்காரன்."

"உப்புக்காத்து," என்றார் காஜா மைதீன் மெல்ல.

"ஆமா. எனக்கு டர்பன் கடற்கரையே ஞாபகம் வந்துடுச்சு."

காஜா மைதீன் எழுந்தார். "சரிண்ணே. கம்பெனிக்கு எழுதறேன். இன்ஷா அல்லாஹ் பார்ப்போம்." அவர் கண்ணில் முன்பிருந்த மலர்ச்சி இல்லை. அதை பிலோமின்ராஜ் கவனித்ததாகத் தெரியவில்லை.

நடைவரை அக்னஸ் கூடப் போனாள். அவர் குடையை விரிக்காமல் நின்றார்.

"மிச்சத்தைச் சாக்கடையில ஊத்திட்டு சீசாவை உடைச்சுப் போட்டுடுங்கம்மா." தயங்கினார். "எங்க அத்தா நெய் வியாபாரம். நெய் பார்க்கற ஆள் வந்தா ஒரே நெய்யை ரெண்டு டப்பாவுல வெச்சுக் கொடுப்பார். நானும் அந்தப் புத்தியிலதான்... டீச்சரம்மா, ரெண்டாவதும் நாலாவதும் ஒண்ணு. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. மனசு உடைஞ்சுடும்."

"தெரியும் பாய்."

"என்ன தெரியும்?"

"ரெண்டும் ஒண்ணுன்னு. நாரத்தை இலை வாசனை."

காஜா மைதீன் அவளை உற்றுப் பார்த்தார். "குடிச்சுப் பார்த்தீங்களா? அப்ப, அண்ணன் மாட்டிக்கப் போறார்னு தெரிஞ்சுமா...?" மேலே கேட்கவில்லை. அவர் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றது.

காஜா மைதீன் மறந்துவிட்டு வந்த தோல் பையைக் கையில் வைத்துக்கொண்டு பிலோமின்ராஜ் நின்றிருந்தார்.

பையை வாங்கிக்கொண்டு காஜா மைதீன் மழைக்குள் இறங்கிப் போனார். அவர் சந்து திரும்பும்வரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார். மூக்கைத்தான் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"ஆடியிலேர்ந்து."

"சொல்லலையே."

"நீங்களும் சொல்லலீங்களே."

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். நாலாவது டம்ளரில் ஒரு வாய் மிச்சமிருந்தது. அதை அவள் பக்கம் தள்ளினார்.

"குடி. என்னன்னு சொல்லு."

"எதுக்குங்க இப்ப?"

"சொல்லு அக்னஸ்."

குடித்தாள். "நாரத்தை இலையைக் கசக்கினா மாதிரி இருக்குங்க. அப்புறம் புளிப்பு. அப்புறம்... முதல் மழை விழுந்த படித்துறை."

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும் அவள் சொன்னதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தன. "படித்துறை," என்றார். "ஆமா. அதுதான். பதினேழு வருஷம் அதுக்கு எனக்கு வார்த்தை கிடைக்கலை." கண்ணைத் திறந்தார். "நான் விழுந்துடட்டும்னுதானே நின்னே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பக்கூடச் செய்திருப்பார்.

"நீங்க போயிடக் கூடாதுன்னு நின்னேன்," என்றாள்.

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்த் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். அணைந்த சாம்பிராணிச் சட்டியில் மழைத்தண்ணீர் நிரம்பிக் கரியாக மிதந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

பக்கத்துச் சுவருக்கு மேல் சந்திரம்மாளின் தலை தெரிந்தது. "ஏன் டீச்சர், உங்க வீட்டுக்காரர் இந்த மழையில எங்கே ஓடறார்? எங்க தம்பி வாசல்லேர்ந்து கூப்பிடறான், திரும்பிக்கூடப் பார்க்கலையாமே? தனக்கும் காவிரிப் பாலத்துப் பக்கம்தான் டூட்டின்னு அவனும் பின்னாலயே கிளம்பிட்டான்."

அக்னஸ் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். தெருக்கதவு திறந்து கிடந்தது. கோட்டு இல்லை. குடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சமையல்கட்டு மேஜைமேல் இருமல் மருந்துச் சீட்டு ஒட்டிய சீசாக்கள் அப்படியே இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூடிகளில் எண் போட்டிருந்தது.

நாலாவது இருந்த இடத்தில் ஈரமாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது.